வந்து வந்து மறையும் ஆட்டம்

சடையங்குப்பத்தில் கார் வைத்திருக்கும் ஒருவர், தம் வண்டியின் முழுக் குணத்தையும் அறியாமலே மாதக்கணக்கில் அதை ஓட்டிவரக் கூடும். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலையும், டேங்கர்கள் நெருக்கும் மணலி எண்ணெய் ஆலைச் சாலையும், திருவொற்றியூரிலிருந்து பொன்னேரி வழியே பஞ்செட்டிக்குப் போகும் பழைய நெடுஞ்சாலையும் அவருக்கு அன்றாட வழிகளாக இருக்க, அவற்றில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் வாய்ப்பதையே பாக்கியமென்று அவர் கருத வேண்டியிருக்கிறது. மீஞ்சூரருகே வெளிவட்டச் சாலையில் ஏறி, வண்டலூர் வரையில் ஏறக்குறைய 62 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் அந்த ஆறுவழிப் பாதையில், முன்னும் பின்னும் இடையூறின்றி வேகமுள்ளைத் தொண்ணூறுக்கு மேல் ஏறவிடும்போதுதான், அதுவரையில் சாதுவாக இருந்த ஸ்டியரிங் அவர் கைகளில் நடுங்கத் தொடங்குகிறது. நடுக்கம் அரை நிமிஷம் நீடிக்கிறது. பிறகு தானாகவே அடங்குகிறது. ‘சாலையில்தான் ஏதோ இருந்திருக்கும்’ என்று அவர் மனத்தைத் தேற்றிக்கொள்வதற்குள் மீண்டும் வந்துவிடுகிறது.

மறுநாள் பட்டறைக்குப் போனால் நடப்பது என்ன என்பதை இந்தப் பக்கத்தில் கார் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெக்கானிக் வண்டியை எடுத்துக்கொண்டு தெருக்கோடி வரையில் ஒரு சுற்றுப் போய்வருகிறார். அந்தத் தெருவில் தொண்ணூறு ஏது? “ஒண்ணும் ஆடலையே சார்” என்கிறார். வாடிக்கையாளர் விடாமல் வற்புறுத்தவே, “எதுக்கும் ஒரு அலைன்மென்ட் பாத்துடலாம்” என்கிறார். அலைன்மென்ட் பார்த்தும் தீராவிட்டால் டயர், டயரிலும் தீராவிட்டால் ஷாக் அப்சார்பர், அதிலும் தீராவிட்டால் ‘இந்த மாடலே இப்படித்தான்’ என்னும் தீர்ப்பு. மெக்கானிக்கை இதில் நான் குறை சொல்லமாட்டேன். கண் முன்னே தோன்றாத ஒரு குறையை எவராலும் கையால் பிடித்துக் காட்ட முடியாது. ஆனால், பிரத்யட்சத்தில் சிக்காத விஷயத்தை அனுமானத்தால் பிடிப்பதற்கு வழி உண்டு. ஆட்டம் விட்டுவிட்டு வருகிறது என்பதை ஒரு தொல்லையாகவே எல்லோரும் எண்ணுகிறார்கள்; அது எப்போது வருகிறது, எப்போது விலகுகிறது என்பதே குறையின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் முதல் தரமான சாட்சியம் என்பதுதான் நான் இங்கே சொல்ல வந்த விஷயம்.

முதலில் சக்கரத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். டாக்ஸியாகவும் சொந்த வண்டியாகவும் இங்கே மிகுதியாக ஓடும் டிசையர் போன்ற காரின் சக்கரம் ஒரு முறை உருண்டால் ஏறக்குறைய 1.9 மீட்டர் தூரத்தைக் கடக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 28 மீட்டருக்குச் சற்றே குறைவான வேகமாதலால், சக்கரம் நொடிக்கு 15 முறைக்கு நெருக்கமாகச் சுழல்கிறது. இப்போது ரிம்மின் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் 20 கிராம் எடை கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். பேலன்சிங் செய்தபோது ஒட்டிய சிறு வெயிட் ஒன்று பள்ளத்தில் குதித்த வேகத்தில் கழன்று விழுந்தாலே இந்த ஏற்றத்தாழ்வு உண்டாகிவிடும். வண்டி நிற்கையில் அற்பமான அந்த 20 கிராம், நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 3 கிலோகிராம் எடைக்குச் சமமான சக்தியுடன் சக்கரத்தை வெளிப்புறமாக இழுக்கிறது. அதுவும் ஒரே திசையிலன்று, சக்கரத்தோடு சேர்ந்து சுழன்றபடி மேலும் கீழும் முன்னும் பின்னுமாக நொடிக்குப் பதினைந்து தடவை இழுக்கிறது. இந்தச் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. ஆகவே ஐம்பது கிலோமீட்டரில் அது முக்கால் கிலோவுக்கு மேல் போகாது. எண்ணூர்ச் சாலையில் எவர் கைக்கும் அது எட்டுவதில்லை.

எனினும் வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடிக்கொண்டே போக வேண்டுமல்லவா? பல வண்டிகளில் தொண்ணூறில் தொடங்கி நூற்றுப்பத்தில் அடங்கிவிடுகிறதே, அது எவ்வாறு என்ற கேள்வி நியாயமானது. டயரின் காற்றும் சஸ்பென்ஷன் சுருளும் இரண்டு வில்களாக இருக்க, அவற்றின் இடையே சக்கரமும் அச்சும் பிரேக்கும் சேர்ந்த பாரம் தொங்கிக்கொண்டிருக்கிறது. அப்படித் தொங்கும் எந்தப் பாரத்துக்கும் தனக்கே உரிய ஓர் அதிர்வு எண் உண்டு. காரின் சக்கரத்துக்கு அது பெரும்பாலும் நொடிக்குப் பத்திலிருந்து பதினைந்துக்குள் அமைகிறது. சக்கரம் சுழலும் எண்ணிக்கையும் இந்தச் சுபாவ எண்ணும் ஒன்றாகும் வேகத்தில், சிறிய உந்துதலும் பெரிய ஆட்டமாகப் பெருகுகிறது. அந்த வேகத்தைத் தாண்டிவிட்டால் இரண்டின் ஒற்றுமையும் கலைந்து ஆட்டம் தணிகிறது. கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், மேற்சொன்ன அதிர்வு எண்கள் மணிக்கு 70 முதல் 100 கிலோமீட்டர் வரையிலான வேகங்களுக்குப் பொருந்துகின்றன என்பது தெரியும். நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் தலைகாட்டும் ஆட்டத்தின் ரகசியம் இவ்வளவே.

இது நம் காலத்தில் தோன்றிய சங்கடமும் அன்று. 1920-களில் முன்சக்கரங்களுக்கும் பிரேக் வைக்கத் தொடங்கி, குறைந்த காற்றழுத்தமுடைய பருத்த டயர்களையும் மாட்டியபோது, ஒரே முரட்டு இரும்பச்சில் இணைந்திருந்த முன்சக்கரங்கள் சில வேகங்களில் வெறிபிடித்தாற்போல் இடமும் வலமுமாக உதறத் தொடங்கின. பிரான்ஸில் ஜார்ஜ் புரூலியே 1925இல் இந்த நோய்க்குக் காரணம் ஆராய்ந்து எழுதினார். ஜெர்மானியர்களான பெக்கர், ஃப்ரோம், மாரூன் ஆகிய மூவர் 1931இல் அதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார்கள். ஒரு சக்கரம் மேடேறினால் மற்றதையும் சாய்த்துவிடும் அந்த ஒற்றை அச்சை நீக்கி, ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் தனித்தனிச் சஸ்பென்ஷன் அமைப்பதே நிவர்த்தி என்று அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் பணிபுரிந்த மாரிஸ் ஆலி வாதாடி, 1934ஆம் ஆண்டின் கார்களில் அதை நடைமுறைக்கும் கொண்டுவந்தார். 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், அடுத்த ஆண்டில் நம் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியே அனுப்பியபோது, அவை இந்தத் தனிச் சஸ்பென்ஷனோடுதான் வந்தன. பின்னர் லேலண்டின் பெயரையும் சேர்த்துக்கொண்டு லாரிக்கும் பஸ்ஸுக்கும் பெயர் பெற்றுவிட்ட அந்தத் தொழிற்சாலை, காரில் தொடங்கியது என்பது இப்போது பலருக்கும் நினைவில் இல்லை. பக்கத்திலேயே திருவொற்றியூரில் 1946இல் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். 1952இல் டயர் புதுப்பிக்கும் ரப்பருக்கு மாறி, 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு கம்பெனியின் ஒத்துழைப்போடு டயருக்கே வந்தது. 1960இல் தோன்றிய வீல்ஸ் இந்தியா பாடியில் ரிம்களைச் செய்தது. காரும் டயரும் ரிம்மும் ஆகிய மூன்றும் இந்த வட்டாரத்திலேயே பிறந்திருக்க, ஆடும் சக்கரத்துக்கு நிதானமாக மருந்து சொல்லும் பழக்கம் மட்டும் இங்கே வேரூன்றாமல் போனது எனக்கு வியப்புத்தான்.

தனிச் சஸ்பென்ஷன் வந்தபிறகு பழைய உதறல் ஒழிந்தது. அதன் மெலிந்த வாரிசு ஒன்று மட்டும் எஞ்சிநின்றது. அது ஏன் விட்டுவிட்டு வருகிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஒரே உரலில் இருவர் உலக்கை போடுவதைப் பார்த்திருப்பீர்கள்: ஒருவர் கை சற்றே முந்திவிட்டாலும், மாறி மாறி விழுந்துகொண்டிருந்த உலக்கைகள் சிறிது நேரத்தில் ஒன்றாக விழத் தொடங்கி, மேலும் சிறிது நேரத்தில் பழையபடி மாறி மாறி விழும். இரண்டு முன்சக்கரங்களிலும் சிறிது சிறிது ஏற்றத்தாழ்வு இருந்தால் நடப்பதும் இதுவே. இரண்டின் கனத்த பக்கங்களும் ஒரே சமயத்தில் முன்னே வரும்போது, ஒன்று ஸ்டியரிங்கை இடப்பக்கம் தள்ள மற்றது வலப்பக்கம் தள்ளி, இரண்டும் ஒன்றையொன்று அடக்கிக்கொள்கின்றன. கைக்கு ஒன்றும் தெரிவதில்லை, வண்டியின் தரை மட்டும் லேசாக அதிரும். ஒன்றின் கனத்த பக்கம் முன்னேயும் மற்றதன் கனத்த பக்கம் பின்னேயும் இருக்கும்போதோ இரண்டு தள்ளலும் ஒரே திசையில் சேர்ந்துகொள்ள, ஸ்டியரிங் நடுங்குகிறது.

இந்த நிலை மாறிக்கொண்டே இருப்பதற்குக் காரணம், இரண்டு டயர்களும் ஒருபோதும் முற்றிலும் ஒரே அளவாக இருப்பதில்லை என்பதுதான். ஒன்றில் காற்று ஓரிரு பவுண்டு குறைந்திருக்கும். ஒன்று மற்றதைவிடச் சற்றுத் தேய்ந்திருக்கும். சுற்றளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்றாலும், ஒரு சக்கரம் ஆயிரம் முறை சுழல்வதற்குள் மற்றது ஒரு முழுச் சுற்று முந்திவிடுகிறது. ஆயிரம் சுற்று என்பது 1.9 கிலோமீட்டர், நூறு கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடக்க ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆகவே, நேரான சாலையில் ஒரே வேகத்தில் போகும் ஒருவருக்கு, ஏதோ கடிகாரம் வைத்தாற்போல் நிமிஷத்துக்கு ஒரு முறை ஆட்டம் வந்து வந்து போகும். வளைவில் இன்னொரு விசேஷம் நடக்கிறது. வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடவேண்டியிருப்பதால், சுமார் 40 பாகை திரும்பும் ஒரு வளைவே இரண்டுக்கும் இடையில் அரைச் சுற்று வித்தியாசத்தை ஏற்படுத்தப் போதுமானது. ஆட்டத்தோடு வளைவில் நுழைந்தவர் ஆட்டமின்றி வெளியே வருவதும், ஆட்டமில்லாமல் நுழைந்தவருக்கு வளைவு முடிந்ததும் ஆட்டம் பிடித்துக்கொள்வதும் இதனால்தான். இந்த லட்சணங்களைக் கண்டவர் ஷாக் அப்சார்பரையோ எஞ்சின் மவுண்டையோ சந்தேகிக்கவே வேண்டாம். இரண்டு முன்சக்கரங்களிலும் பேலன்சிங் குறையிருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். ஒன்றை மட்டும் பேலன்ஸ் செய்துவிட்டு வருவது பாதி வேலை.

இனி, இந்த வட்டாரத்துக்கே உரிய காரணங்களுக்கு வருவோம். 2011இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட சடையங்குப்பம், கொசஸ்தலை ஆற்றின் கடைசிப் பகுதியில், எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய தாழ்நிலத்தில் கிடக்கிறது. பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து உபரி நீர் திறக்கப்படும் காலங்களில் அந்த நீர் முழுவதும் இந்தப் பக்கமாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். 2015, 2021, 2023 ஆகிய ஆண்டுகளின் மழைக்காலங்களை இங்குள்ளோரும் அருகிலுள்ள பர்மா நகரத்தாரும் மறந்திருக்கமாட்டார்கள். அப்படி வெள்ளத்தில் நின்ற வண்டியை வெளிப்பார்வைக்குக் கழுவித் துடைத்து ஓட்டிவிடுகிறோம். ரிம்மின் உட்புறக் குழிவில் படிந்த சேற்றை மட்டும் எவரும் பார்ப்பதில்லை. அது காய்ந்து நூறு கிராம் கட்டியாக ஒட்டிக்கொண்டால், மேலே சொன்ன கணக்குப்படி நெடுஞ்சாலையில் பதினைந்து கிலோ எடைக்குச் சமமான சக்தியுடன் சக்கரத்தை இழுக்கும். ஒரு நாள் ஒரு துண்டு உதிரும், ஆட்டம் குறையும்; மறுநாள் எதிர்ப்புறத்தில் ஒரு துண்டு உதிரும், ஆட்டம் கூடும். இந்தச் சேற்றோடு பேலன்சிங் மெஷினில் சக்கரத்தை ஏற்றி, சேற்றுக்கு எதிரெடை ஒட்டிக் கொடுத்துவிடும் கடைகளும் உண்டு. சேறு உதிர்ந்த அன்றைக்குச் செலவழித்த பணமும் உதிர்ந்துவிடுகிறது.

வெள்ளம் செய்யும் மற்றத் தீங்குகள் தாமதமாகவே வெளிப்படுகின்றன. நாலைந்து நாள் நீரில் நின்ற காரின் பிரேக் டிஸ்க்கில், பிரேக் பேட் பற்றியிருந்த இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் துரு வேறு வேறாகப் பிடித்து, தகட்டின் கனம் இடத்துக்கு இடம் நுண்ணளவில் மாறிவிடும். அதன்பிறகு வேகத்தில் பிரேக் மிதிக்கும் சமயங்களில் மட்டும் ஸ்டியரிங் உதறும். வீல் பேரிங்கின் சீலைக் கடந்து உள்ளே புகுந்த உப்புநீர், கிரீஸைக் கெடுத்து, குண்டுகள் ஓடும் பாதையைச் சிறுகச் சிறுக அரிக்கும். முதலில் ஒரு முனகல், சில வாரங்களோ மாதங்களோ கழித்து ஆட்டம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவியதை நாடே பார்த்தது. பெட்ரோலிய எண்ணெயில் ஊறிய இயற்கை ரப்பர் உப்பி நெகிழ்ந்துபோகும் என்பது ரப்பரின் சுபாவம். அத்தகைய நீரில் நின்ற வண்டியாயின், லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்களைத் தனியே கவனிப்பது நல்லது. புஷ் நெகிழ்ந்த வண்டியில் சிறிய ஏற்றத்தாழ்வும் பெரிதாகத் தெரியும். பிறருடைய காரில் ஒருவரும் உணராத பத்து கிராம் அந்தக் காரில் ஸ்டியரிங்கை ஆட்டும்.

கன்டெய்னர் லாரிகள் குழியாக்கிய சாலைகளைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? எண்ணூர் – மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று வகுத்து, துறைமுகங்களும் அரசும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் அதை நடத்திய கதையைச் சொன்னால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும். நம் விஷயத்துக்கு வேண்டியது இது: நீர் நிறைந்த குழியில் சக்கரம் விழும்போது, ரிம்மின் விளிம்பு வளையலாம், அல்லது டயரின் பக்கச் சுவருக்குள் இருக்கும் நூல்கள் அறுந்து, அந்த இடம் எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைக்கலாம். உட்பக்க விளிம்பு வளைந்திருந்தால் வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. ரிம் பெண்டு எடுக்கும் கடைகளில் இரும்பு ரிம்மைத் தட்டி நேராக்கித் தருவார்கள். அலாய் ரிம்மைத் தட்டுவதும் சூடாக்கி வளைப்பதும் விரிசலுக்கு வழிகோலும் என்பதால், அதற்கு நான் பரிந்துரை சொல்லமாட்டேன்.

சரி, சாட்சியத்தைச் சேகரிப்பது எப்படி? வண்டியை ஓட்டுபவர் குறிப்பெடுக்கலாகாது. பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு, போக்குவரத்துக் குறைந்த காலை வேளையில், வெளிவட்டச் சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகத்துக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தொடங்கும் வேகமும் அடங்கும் வேகமும் முதலில் குறிக்கத்தக்கவை. அடுத்து, நடுக்கம் கையில் தெரிகிறதா, இருக்கையில் தெரிகிறதா என்பது: ஸ்டியரிங் நடுங்கினால் குறை பெரும்பாலும் முன்சக்கரங்களிலும், முதுகும் தொடையும் அதிர்ந்தால் பின்சக்கரங்களிலும் இருக்கும். ஆட்டம் வந்த அதே வேகத்தில் கிளட்சை மிதித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துப் பாருங்கள். அப்போதும் ஆட்டம் நீடித்தால் எஞ்சினும் கியரும் குற்றமற்றவை. குறை, சுழலும் சக்கரத்தில்தான் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது உதறி, விட்டவுடன் நின்றால், முன்சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் ஆக்ஸிலின் உட்பக்க ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அதற்கு எத்தனை முறை வீல் பேலன்சிங் செய்தும் பயனில்லை. பிரேக் மிதிக்கும்போது மட்டும் என்றால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும்.

நேரமும் ஒரு சாட்சிதான். இரவு முழுவதும் நின்ற வண்டி புறப்பட்ட முதல் கால்மணி நேரம் ஆடி, டயர் சூடேறியபின் சரியானால், நின்ற இடத்தில் டயர் சற்றே தட்டையாகிப் பின் உருண்டை வடிவத்துக்கு மீண்டது என்று கொள்ளலாம். பல நாள் ஒரே இடத்தில் நிறுத்தும் வண்டிகளுக்கு இது சகஜம், அஞ்ச வேண்டியதில்லை. பஞ்சர் தடுக்கும் திரவத்தை டயருக்குள் ஊற்றியிருந்தாலும், அது கீழே தேங்கிக் கிடந்து புறப்பட்டவுடன் சிறிது நேரம் ஆட்டும். இதற்கு நேர்மாறாக, புறப்படும்போது சரியாக இருந்து, ஓடி ஓடிச் சூடேறச் சூடேற ஆட்டம் வளர்ந்தால், அது நல்ல அறிகுறியன்று. டயருக்குள்ளே ஒன்றன்மேலொன்றாக ஒட்டியிருக்கும் எஃகுக் கம்பிப் பட்டைகள் பிரியத் தொடங்கியிருக்கலாம். அத்தகைய டயர் முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்திலேயே வண்டியை இடமும் வலமுமாக மெல்ல அசைக்கும். பேலன்சிங் மெஷினோ அதைச் சுமையின்றிச் சுழற்றிப் பார்ப்பதால், பூஜ்யம் காட்டி நற்சான்று கொடுத்துவிடும். உருளை ஒன்றை டயர்மீது அழுத்தி, சாலையில் தாங்கும் பாரத்தோடு சுழற்றிப் பார்க்கும் மெஷின்கள் சில பெரிய கடைகளில் இருக்கின்றன. சாதாரண மெஷின் குறையில்லை என்று சொன்ன பிறகும் ஆட்டம் தொடர்ந்தால், அங்கே போவதற்கான செலவு வீணாகாது.

புதிய உதிரிப்பாகம் எதையும் வாங்குவதற்கு முன், காசில்லாப் பரீட்சை ஒன்று உண்டு. முன்சக்கரங்களைப் பின்னுக்கும் பின்சக்கரங்களை முன்னுக்கும் மாற்றிப் போட்டு, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். கையில் தெரிந்த நடுக்கம் இருக்கைக்கு இடம் பெயர்ந்தால், குறை டயரிலோ ரிம்மிலோதான். நடுக்கம் பழைய இடத்திலேயே நின்றால், ஹப், டிஸ்க், பேரிங், ஜாயிண்ட் ஆகியவற்றில் தேட வேண்டும். ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் யோசனைகள் பலவற்றைவிட இந்த ஒரு மணி நேர வேலை அதிகம் சொல்லும்.

வண்டியை ஜாக்கியில் ஏற்றி, அடியில் ஸ்டாண்டு கொடுத்த பிறகு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் கடகடப்பது பேரிங்கோ பால் ஜாயிண்டோ ஆகும். இரு பக்கமும் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆட்டம் கண்டால் டை ராடு எண்ட் தேய்ந்திருக்கும். கையால் சுழற்றும்போது கரகரப்பு கேட்டால் பேரிங்கை மாற்றிவிடலாம். ரிம்முக்கு அருகே ஒரு சாக்கட்டியை அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுழற்றினால், வளைந்த இடத்தில் மட்டும் கோடு விழும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகல் இருந்தால் கவனிக்க வேண்டியதே. சக்கரத்தைக் கழற்றியபின் அது ஹப்போடு ஒட்டும் முகத்தைப் பார்க்க எவரும் மெனக்கெடுவதில்லை. கடற்காற்று வீசும் ஊரில் அந்த முகத்தில் துரு பொருக்காகப் படிந்து, சக்கரம் சமமாக உட்காராமல் போவது அடிக்கடி நிகழ்கிறது. பஞ்சர் ஒட்டி வந்த நாளிலிருந்து ஆட்டம் என்று எவராவது சொன்னால், முதலில் இரும்புத் தூரிகையால் அந்தத் துருவைச் சுரண்டச் சொல்லுங்கள். அழகுக்காக வாங்கி மாட்டிய அலாய் வீல்களில், நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்து, சக்கரம் மையம் தவறி உட்காருவதும் உண்டு. இடைவெளியை நிரப்பும் வளையம் ஒன்றைப் போட்டால் அது தீரும்.

அலைன்மென்டைப் பற்றி என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலும், டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்தாலும் அலைன்மென்ட் அவசியம். நெடுஞ்சாலை வேகத்தில் வரும் நடுக்கத்துக்கு அது மருந்தாவது மிக அபூர்வம். பேலன்சிங் வேறு, அலைன்மென்ட் வேறு. இரண்டையும் சேர்த்தே ஒரு ரசீதில் எழுதுவதால் வாடிக்கையாளர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்.

பொறுமையோடு ஆராயத்தக்க ஆட்டங்களை இதுவரை சொன்னேன். பொறுக்கவே கூடாதவை மூன்று: டயரின் பக்கத்தில் தோன்றிய புடைப்பு, நாளுக்கு நாள் விரைவாக வளரும் ஆட்டம், சக்கரம் மாற்றிய சில மணி நேரத்துக்குள் டக்டக்கென்ற ஓசையோடு தொடங்கும் ஆட்டம். மூன்றாவது, வீல் நட் தளர்ந்ததன் அறிகுறியாகும். அடுத்த பெட்ரோல் பங்க் வரையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாமல், சாலையோரம் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்திவிட வேண்டும்.

ஆகவே வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டுதான். பட்டறைக்குப் போகும்போது, ‘வண்டி ஆடுகிறது’ என்று மட்டும் சொல்லாமல், எந்த வேகத்தில், கையிலா இருக்கையிலா, பிரேக்கிலா ஆக்சிலரேட்டரிலா, சூடேறும் முன்னா பின்னா என்று நான்கு வரி எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். முடிந்தால் மெக்கானிக்கையே வெளிவட்டச் சாலை வரையில் பக்கத்தில் உட்காரவைத்து அழைத்துப் போங்கள். சக்கரத்தை எவர் கழற்றி மாட்டினாலும், ஏர் கன்னால் ஒரே மூச்சில் முறுக்குவதோடு விடாமல், நட்டுகளை ஒன்றுக்கொன்று எதிரெதிராக, கம்பெனிப் புத்தகத்தில் சொல்லியுள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கச் சொல்லுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அவற்றை இன்னொரு முறை சரிபாருங்கள்.